கிளமென்ட்டின் முதுகு

ஞாயிறு பூசையில் எல்லோரும் உட்காருகிற நேரத்திலும் கிளமென்ட் நின்றுகொண்டுதான் இருப்பார். பின்கதவு ஓரமாக, கைகளைக் கட்டிக்கொண்டு, ஒன்றேகால் மணி நேரம். ஒரு தவக்காலத்தில் பங்குத்தந்தை பிரசங்கத்துக்கு நடுவே அவரைக் காட்டி, பக்தி என்றால் அப்படி இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அவர் மனைவி மெர்சிலின் தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டிலும் அந்த மனிதர் இரண்டு மாதமாக நின்றபடியேதான் சாப்பிடுகிறார் என்பது அவளுக்குத் தெரியும். பெஞ்சில் உட்கார்ந்தால், எழுந்திருக்கப் பக்கத்தில் இருப்பவர் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது. அதை நாலு பேர் பார்க்கக் கூடாது. பக்தியின் ரகசியம் அவ்வளவுதான்.

கிளமென்ட் ஒடுகத்தூர் பக்கத்துக்காரர். கல்யாணமான மறுவருஷம் ஜமுனாமரத்தூருக்கு வந்து, உரக்கடை பாண்டுரங்கனின் டிராக்டரில் ஏறினார். இருபத்திரண்டு ஆண்டுகளாக அதே முதலாளி. வண்டி மட்டும் ஒருமுறை மாறியது. அந்தப் புது வண்டிக்கும் இப்போது பதினோரு வயது. மலை நிலம் கீழ்நாட்டு வயல் மாதிரி கிடையாது. ஒரு சாண் மண்ணுக்கு அடியில் கல் கிடக்கும். கலப்பை அதில் முட்டினால் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும். சாமை விதைப்புக் காலத்தில் காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் பொழுது சாய்கிறவரை அந்தக் குலுக்கல்தான். போதாததற்கு, கலப்பை சரியாக இறங்குகிறதா என்று பாதி நேரம் உடம்பை முறுக்கிப் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். அவர் உழுத நிலத்தில் கட்டி நிற்காது. காவலூர் சாலையில் நிலம் வைத்திருக்கும் கோபால்சாமி, வேறு யாராவது வண்டியோடு வந்தால் திருப்பி அனுப்பிவிட்டு, கிளமென்ட்டுக்காக நாலு நாள் காத்திருப்பார். கிளமென்ட்டுக்கு இதில் உள்ளூரப் பெருமை. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். ஆனால் பஸ்ஸில் போகும்போது மற்றவர்கள் உழுத நிலங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவதை மெர்சிலின் பலமுறை பார்த்திருக்கிறாள்.

மெர்சிலின் வீட்டிலேயே துணி தைக்கிறவள். கணவர் வாய் திறக்காவிட்டாலும், கடைக்குப் போய் ஒரு கனமான ஸ்பாஞ்ச் வாங்கிவந்து, பழைய ஜீன்ஸ் துணியில் உறை தைத்து, வண்டி சீட்டுக்கு மெத்தை போட்டுக்கொடுத்தாள். இரண்டு நாள் அதில் உட்கார்ந்தார். கால் பெடலுக்கு எட்டவில்லை, குலுக்கலும் குறையவில்லை. மனைவி மனம் நோகக் கூடாது என்று மெத்தையை வீட்டிலிருந்து எடுத்துப் போவார். வழியில் டீக்கடையில் வைத்துவிட்டு, திரும்பும்போது மறக்காமல் வாங்கிவருவார். டீக்கடைக்காரர் மதியம் அதைத் தலைக்கு வைத்துத் தூங்கினார். மெத்தையில் யாரோ தலைக்குத் தேய்த்த எண்ணெய் வாசம் வந்தபோது மெர்சிலினுக்கு விஷயம் புரிந்தது. உறையைத் துவைத்து மறுபடி மாட்டிவைத்தாள்.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கோபால்சாமி நிலத்தில் தொடர்ந்து ஆறு மணி நேரம் ஓட்டினார். இறங்கியதும் இறங்காததுமாக, வரப்பில் இருந்த விதை மூட்டையைத் தூக்கக் குனிந்தார். மூட்டை தரையை விட்டுக் கிளம்பியது, அவர் நிமிரவில்லை. முழங்காலில் விழுந்து, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். இடது கால் தன்னுடையது இல்லை என்பதுபோல் மரத்துக் கிடந்தது. கோபால்சாமியும் இன்னும் மூன்று பேரும் கயிற்றுக் கட்டிலோடு அவரை மினி வேனில் ஏற்றினார்கள்.

மலைக்குக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தார்கள். இடுப்புப் பக்கம் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், முதலில் ஓய்வும் பயிற்சியும் என்று பிசியோதெரபி பிரிவுக்கு அனுப்பினார். அங்கே இருந்த தமிழரசிக்கு முப்பது வயதுதான் இருக்கும். அவள் மருந்துச் சீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் வேலையைப் பற்றித்தான் கேட்டாள். எத்தனை மணி நேரம், எந்த மாதிரி நிலம், சீட் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். மெர்சிலின் தன் மனதில் இருந்ததை அவளிடம் கேட்டாள்.

"மூட்டை தூக்குறவங்களுக்கு முதுகு போவும்னா சரி மேடம். இவரு உக்காந்துனுதான ஓட்றாரு?"

"உக்காந்து இருக்கிறதுதான்க்கா பிரச்சனை," என்றாள் தமிழரசி. நிற்கிறவனுக்குக் குலுக்கலைப் பாதி காலே வாங்கிக்கொள்ளும். உட்கார்ந்திருப்பவனுக்கு அது நேரே முதுகெலும்பில் ஏறும். முதுகுத் தசை ஒவ்வொரு குலுக்கலுக்கும் இழுத்துப் பிடித்துப் பிடித்துக் களைத்துப்போகும். பிறகு பாரம் முழுக்க ஜவ்வின்மேல் விழும். உடம்பைத் திருப்பிக்கொண்டு ஓட்டினால் இன்னும் மோசம். அன்று மூட்டையின் கனம் காரணம் இல்லை, களைத்த முதுகோடு உடனே குனிந்ததுதான் தப்பு என்று விளக்கினாள். வண்டியில் சீட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொன்னாள்.

கிளமென்ட் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அவர் கண் ஓரம் ஈரமாக இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அவருடைய வேலையைப் பற்றி இவ்வளவு நேரம் யாரும் கேட்டதில்லை.

மறுநாள் மெர்சிலின் உரக்கடைக்குப் போனாள். பாண்டுரங்கன் கெட்ட மனிதர் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பழமும் ஹார்லிக்ஸும் கொடுத்தனுப்பியவர். ஆனால் வண்டி மேல் பழி போட்டதும் அவருக்குச் சுருக்கென்றது. வயசானால் எல்லோருக்கும் இடுப்பு வலிக்கும் என்றார். தனக்கும்தான் வலிக்கிறது என்றார். மெர்சிலின் குரலை உயர்த்தவில்லை.

"அண்ணா, கோபால்சாமி கொல்லையில பாதிதான் ஓட்டியிருக்குது. மீதிய நீங்க ஓட்டிப் பாருங்க. ஒரு மணி நேரம் போதும். அப்புறம் நீங்க இன்னா சொன்னாலும் கேக்குறேன்."

கடையில் அப்போது ஐந்தாறு பேர் இருந்தார்கள். இளவயதில் பாண்டுரங்கன் டிராக்டர் ஓட்டியவர்தான். மறுத்தால் மரியாதை போகும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

முதல் கால் மணி நேரம் சிரித்துக்கொண்டே ஓட்டினார். அடுத்த கால் மணியில் சிரிப்பு நின்றது. கலப்பை கல்லில் முட்டும்போதெல்லாம் பல் கடகடவென்று அடித்துக்கொள்வது வரப்பில் நின்ற மெர்சிலினுக்குக்கூடத் தெரிந்தது. நாற்பதாவது நிமிடம் வண்டியை நிறுத்திவிட்டு, மட்கார்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக இறங்கினார். இடுப்பில் கையை ஊன்றி மெதுவாக முதுகை நிமிர்த்தினார்.

"இதுலயாம்மா இவன் இத்தினி வருஷம் உக்காந்துனு இருந்தான்," என்றார். "ஒரு வார்த்த சொல்லலியே எங்கிட்ட."

"எங்கிட்டயும் சொல்லலண்ணா," என்றாள் மெர்சிலின்.

மெக்கானிக் வெற்றிச்செல்வன் சீட்டைக் கழற்றிப் பார்த்தான். அதிர்ச்சியைத் தாங்க வேண்டிய ஷாக் அப்சர்பரில் எண்ணெய் எப்போதோ வடிந்து வற்றியிருந்தது. ஸ்பிரிங் ஒரு பக்கம் உடைந்திருந்தது. ஓட்டுகிறவர் எடைக்குத் தக்கபடி திருகி வைக்க வேண்டிய குமிழ் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. அப்படி ஒரு குமிழ் இருப்பதே பாண்டுரங்கனுக்கும் தெரியாது, கிளமென்ட்டுக்கும் தெரியாது. புது சீட் வந்தது. பின்னால் திரும்பாமல் கலப்பையைப் பார்க்க இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்தார்கள். பாண்டுரங்கன் தன்னுடைய மற்ற இரண்டு வண்டிகளின் சீட்டையும் கழற்றச் சொன்னார்.

கிளமென்ட் நாலு மாதம் வீட்டில் இருந்தார். தமிழரசி சொல்லிக்கொடுத்த பயிற்சிகளில் சோம்பேறி மாணவன் மாதிரி ஏமாற்றப் பார்ப்பார். மெர்சிலின் தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நின்று எண்ணுவாள். பத்து என்றால் பத்து. அவர் ஏழில் நிறுத்தினால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள். கம்பை ஊன்றிக்கொண்டு நடந்தவர், பிறகு அவள் கையைப் பிடித்து நடந்தார், பிறகு தனியாகப் பஸ் நிலையம்வரை போய்வந்தார்.

கார்த்திகையில் திரும்பவும் வண்டி ஏறினார். இப்போது காலை வேளை மட்டும்தான். மதியத்துக்குமேல் தேவராஜ் என்கிற இன்னொரு டிரைவர் ஓட்டுகிறார். மணிக்கொரு தடவை கிளமென்ட் வண்டியை நிறுத்தி, வரப்பில் பத்து நிமிடம் நடக்கிறார். இறங்கிய உடனே எதையும் தூக்குவதில்லை. முதலில் கோபால்சாமிக்கு இது பிடிக்கவில்லை. பிறகு அவரும் கூடவே நடக்க ஆரம்பித்தார். வலி முழுக்கப் போகவில்லை. குளிர் அதிகமான காலைகளில் இடது கால் கொஞ்சம் பின்தங்கும். தேவராஜ் உழுத சால்களைப் பார்க்கும்போது மட்டும் கிளமென்ட்டுக்கு முதுகைவிட மனம்தான் அதிகம் வலிக்கிறது.

போன வாரம் அதைப் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் நீளமாகக் குறைப்பட்டுக்கொண்டார். தேவராஜ் கலப்பையை ஆழமாக இறக்குவதில்லையாம், ஓரத்தை விட்டுவிடுகிறானாம், சாலெல்லாம் கோணலாம். மெர்சிலின் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

"கோணலா இருந்தா இருக்கட்டும்," என்றாள். "நீங்க நேரா இருக்கீங்க இல்ல, சாப்புடுங்க."