கஞ்சிக்கோட்டில் பன்னிரண்டு கழுகுகள்

கஞ்சிக்கோட்டில் சாலையோரப் பழைய சாமான் கடை. உலகப்போர்க் காலத்து ஜெர்மன் கிளைடர் விமானிகளின் கழுகு பேட்ஜ் என்று கடைக்காரர் தட்டை நீட்டுகிறார். பன்னிரண்டு கழுகுகள். லென்ஸை வைத்துப் பார்க்கிறேன். எல்லாவற்றுக்கும் இடது இறக்கையில் ஒரே இடத்தில் ஒரே கீறல். போன மாதம் கோவை நண்பர் வாங்கிய கழுகுக்கும் அதே கீறல்தான். அதை நம்பித்தான் "அசல்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

"எல்லாம் ஒரே அச்சுங்களா?"

"ஏனுங்க, கீறல் இல்லாட்டி பழசுன்னு எவனுங்க நம்புவான்?" என்கிறார் கூச்சமே இல்லாமல். பிறகு என் லென்ஸைப் பார்த்துக் குரலைத் தாழ்த்துகிறார். "அசல்னு சீட்டு எழுதித்தரத்தான் ஆளு கெடைக்கலீங்க. நீங்க எழுதறீங்களா? பீஸ் குடுத்தர்றனுங்க."

எட்டாவதோடு பள்ளியை விட்ட என்னை நிபுணராக மதிக்கும் இரண்டாவது ஆள் இவர். இதே வேலையை நான் இலவசமாகவே செய்துவருவதை அவரிடம் சொல்லவில்லை.