கழுவாத முட்டைகள்

"கழுவ வேண்டாம்" என்று அந்த அம்மா தெளிவாகத்தான் சொன்னார். காது கேட்காதவள் நான் இல்லை. அதனால் பழியை வேறு யார் தலையிலும் போட வழியில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். மலேசியாவில், கிள்ளானில் எங்களுக்கு ஒரு மளிகைக் கடை இருந்தது. அந்தத் தை மாதம் துறைமுகத்தில் பாய்மரப் படகுகள் வரிசையாக வந்து நின்றன. எல்லாம் ஒன்றாகக் கிளம்பி இந்துமாக்கடலைத் தாண்டப் போகின்றனவாம். அவற்றில் ஒரு படகுக்காரர்தான் இந்த வெள்ளைக்கார அம்மா. கணவரும் அவருமாக இரண்டே பேர். வயது அறுபதுக்குக் குறையாது. கயிறு இழுத்துக் காய்த்துப்போன கை. எனக்கு அப்போது முப்பத்தைந்து. பினாங்கு ஃபெரியில் ஏறினாலே தலை சுற்றும். அவரைப் பார்க்கப் பார்க்க எனக்கு வியப்பு தாங்கவில்லை.

கறி, மீன் எதையும் அவர் தொடமாட்டார். ஒரு மாதம் கரையே தென்படாத பயணத்தில் முட்டைதான் அவருக்குப் பிரதானச் சாப்பாடு. எட்டுத் தட்டு கேட்டார். இருநூற்று நாற்பது முட்டை. போகும்போதுதான் அந்த "கழுவ வேண்டாம்".

நம் வீட்டில் 'வேண்டாம்' என்றால் என்ன அர்த்தம்? காபி வேண்டாம் என்பார்கள், போட்டுக் கொடுப்போம். போதும் என்று இலையைக் கையால் மறைப்பார்கள், விரல் இடுக்கில் ஓர் இட்லியை வைப்போம். மூன்று தடவை கேட்காத வீட்டைப் பற்றி ஊரே பேசும். எச்சம் ஒட்டிய முட்டையைக் கடல் கடந்து போகிறவருக்கு எப்படிக் கொடுப்பது? உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழுவினேன்.

"அவங்கதான் வேணாம்னு சொன்னாங்களே" என்றார் என் கணவர்.

"மரியாதைக்குச் சொல்லிருப்பாங்க. உங்களுக்கு ஒன்னும் தெரியாது, சும்மா இருங்க லா."

புறப்பாட்டுக்கு இரண்டு நாள் முன்னால் அவர் வந்தார். பளபளவென்று இருந்த முட்டைகளில் ஒன்றை எடுத்துப் பார்த்தார். அப்படியே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். முட்டை ஓட்டின்மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய பூச்சு இருக்குமாம்; கழுவினால் அது போய்விடும், வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும். படகிலோ பெரிய ஐஸ்பெட்டி இல்லை.

"இதைக் கொண்டு போனால் நடுக்கடலில் நான் பட்டினிதான்" என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் கடையையே இரண்டாக்கியிருப்பேன். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. எழுந்தார், சட்டைக் கையை மடித்தார், "கோழிப்பண்ணை எங்கே இருக்கிறது?" என்றார்.

என் கணவர் வேனை எடுத்தார். காஜாங் போகும் வழியில் தெரிந்த சீனர் ஒருவரின் பண்ணை. போகிற வழியில், அந்த மூன்று தடவை சமாசாரத்தை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பண்ணையில் கூண்டு கூண்டாகக் குனிந்து, சூடு ஆறாத முட்டைகளை அவரே பொறுக்கினார். பண்ணைக்காரர் நல்லெண்ணத்தில் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு வர, நானும் அந்த அம்மாவும் ஒரே நேரத்தில் கத்திய கத்தலில் மனிதர் வாளியைக் கீழே போட்டுவிட்டார்.

மறுநாள் கடையில் உட்கார்ந்து காற்றுப் புகுந்து கெடாமல் இருக்க ஒவ்வொரு முட்டைக்கும் வாஸ்லின் தடவினோம். நான் கழுவியவை தைப்பூச விரதக்காரர்களிடம் விலைபோகாமல், முட்டை வைத்துத் தேங்காய்ப்பால் சோறு விற்கும் பக்கத்து நாசி லெமாக் கடைக்குப் போயின.

புறப்படும் காலையில் ஒரு தூக்கில் இட்லியும் சட்னியும் எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போனேன். அவர் படகில் நின்று கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். தூக்கை நீட்டினேன்.

"வேண்டாம்" என்றார்.

எனக்குத்தான் புத்தி வந்துவிட்டதே. தூக்கை இழுத்துக்கொண்டேன். அவர் கயிற்றை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்.

"இன்னும் இரண்டு தடவை பாக்கி இருக்கிறதே?"

கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். மூன்றாவது தடவை கேட்கவில்லை. தூக்கை மட்டும் நீட்டினேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.