கல்லில் வாட்டிய யானை

பரோட்டாக் கல்லில் எண்ணெய் காயும் மணம் எந்தத் தெருவில் எழுந்தாலும் எனக்கு ஒரு யானையின் ஞாபகம் வருகிறது. சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்தத் திங்கட்கிழமை பள்ளி மேடைக்கு முன்னால் அம்மா இருந்தாள், நான் இருந்தேன், திரைக்குப் பின்னால் என் தங்கை செல்வி இருந்தாள். அந்த யானையைச் செய்த அப்பா மட்டும் இல்லை.

அப்பாவுக்குப் பழவங்காடியில் ஒரு ஹோட்டலில் பரோட்டா போடும் வேலை. அம்மா கரமனை அக்ரகாரத்தில் நாலு வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். தென்காசிப் பக்கத்திலிருந்து மலையாளம் பேசும் இந்த ஊருக்குப் பிழைக்க வந்து, ஆற்றோரத்தில் ஒரே அறை கொண்ட வாடகை வீட்டில் இருந்தோம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்போது ஆறாம் வகுப்பு. செல்வி அதே பள்ளியில் இரண்டாம் வகுப்பு. வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிறவள், வகுப்பில் ஒருநாள் தண்ணீர் வேண்டுமென்று தமிழில் கேட்டுவிட்டாள். பிள்ளைகள் "பாண்டி, பாண்டி" என்று, தமிழர்களைக் கேலி செய்யும் அந்தச் சொல்லைச் சொல்லிச் சிரித்தார்கள். அன்றோடு பள்ளிக்குள் அவள் வாயைத் திறப்பது நின்றுபோயிற்று.

ஆண்டுதோறும் சின்னப் பிள்ளைகளுக்கு "பிரச்சன்ன வேஷம்" என்று ஒரு போட்டி வைப்பார்கள்; நம்மூர் மாறுவேடப் போட்டிதான். முந்தைய ஆண்டு வேஷம் இல்லாத பிள்ளையாகப் போய் நின்ற செல்வியை, மற்றவர்களின் பைகளையும் செருப்புகளையும் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஓர் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். அவள் அழவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. சன்னல் வழியாகப் பார்த்த எனக்குத்தான் தாங்கவில்லை. ஆகவே இந்த ஆண்டு டீச்சரிடம் நானே போய்ப் பெயர் கொடுத்தேன். என்ன வேஷம் என்று கேட்டார்கள். வாயில் வந்தது யானை. வீட்டில் எல்லாம் தயாராக இருக்கிறது என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

ஒன்றும் தயாராக இல்லை. சாலைக் கடைத்தெருவில் வேஷங்களை வாடகைக்குக் கொடுக்கும் கடையில் விசாரித்தோம். யானைக்கு ஒரு நாள் வாடகை இருநூறு ரூபாய், முன்பணம் தனி. அம்மா பெயரைத் திரும்ப வாங்கிவிடச் சொன்னாள். அப்பா வழிநெடுக யோசித்துக்கொண்டே வந்து, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது தீர்ப்புச் சொன்னார்: "ஒரு ஆனைத் தலைக்கு இருநூறு ரூவாயா? நாமளே செய்வோம்ல."

ஞாயிற்றுக்கிழமை அப்பா விடுப்பு எடுத்தார். சோற்றுப்பானையைக் கவிழ்த்து, அதன்மேல் ஹோட்டலில் பொட்டலம் கட்டி மிஞ்சிய மலையாளப் பத்திரிகைத் தாள்களை மைதாப் பசையில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டினோம். பசையை அப்பா யாரையும் தொடவிடவில்லை. மைதா என்றால் அது அவருடைய இலாகா. காதுக்கு வனஸ்பதிப் பெட்டியின் அட்டை, தும்பிக்கைக்கு அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையின் ஒரு கை. சுண்ணாம்பில் அடுப்புக்கரியைக் குழைத்து நான் யானை நிறம் உண்டாக்கினேன். கோயில் யானை என்றால் நெற்றிப்பட்டம் இல்லாமல் முடியுமா? தங்க நிறத் தாளில் பொட்டுப் பொட்டாக வெட்டி அம்மா ஒட்டினாள். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டதால் தலைக்குள் ஈரம் காயவேயில்லை. இருந்தாலும் தூங்கப் போகும் முன் செல்வி அதற்கு ஒருமுறை வெல்லம் ஊட்டுவதுபோல் பாவனை காட்டிவிட்டுத்தான் படுத்தாள்.

விடியும் முன்பே அப்பா வேலைக்குப் போய்விட்டார். ஆறு மணிக்கு அம்மா விளக்கைப் போட்டபோது யானை அசைவதுபோல் இருந்தது. கிட்டத்தில் போய்ப் பார்த்தால் எறும்பு. கண்ணுக்குள், காதடியில், தும்பிக்கை தைத்த இடத்தில் என்று செவ்வெறும்பு சாரிசாரியாக ஊர்ந்துகொண்டிருந்தது. தட்டினோம், துடைத்தோம், ஊதினோம். உதிர்ந்த அளவுக்கு உள்ளேயிருந்து மறுபடி வந்தது. மண்ணெண்ணெய் தெளித்தால் பிள்ளை மூச்சு முட்டிப்போவாள். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். செல்வி அதற்குள் தானே பள்ளிச் சீருடை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"எறும்பு கடிச்சாக் கடிக்கட்டும். நான் போட்டுக்கிடுவேன்."

அதற்குமேல் அம்மாவால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. யானைத் தலையை அம்மாவின் பழைய சேலையில் சுற்றி, மூவரும் பஸ் ஏறிப் பழவங்காடிக்குப் போனோம். ஹோட்டலின் பின்வாசல் வழியாக நுழைந்தபோது அப்பா மாவை வீசிக்கொண்டிருந்தார். அம்மா யானையைச் சுற்றியிருந்த சேலையை விலக்கிக் காட்டி, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பசையில சீனி போட்டியளா?"

அப்பா கையிலிருந்த மாவைக் கீழே வைத்தார். பரோட்டா மாவுக்குச் சீனியும் உப்பும் எண்ணெயும் போட்டுப் போட்டு வருஷக்கணக்கில் பழகிய கை அது. யானையா பரோட்டாவா என்று அந்தக் கைக்கு என்ன தெரியும்?

"கை தன்னால போட்டுட்டு" என்றார்.

பிறகு எங்கள் யாரையும் பார்க்காமல், கல்லில் வெந்துகொண்டிருந்த பரோட்டாக்களை வழித்து எடுத்தார். அடுப்பின் தீயைத் தணித்தார். தும்பிக்கையையும் காதுகளையும் பிரித்து என் கையில் கொடுத்துவிட்டு, யானைத் தலையைக் கல்லின் நடுவில் மூடிபோலக் கவிழ்த்தார். கொஞ்ச நேரத்தில் எறும்புகள் கண் துளைகள் வழியாக வெளியே ஓடிவந்தன. அப்பா ஈரத்துணியால் அவற்றை வழித்து வழித்து எறிந்தார், தலையைத் திருப்பினார், மறுபடி கவிழ்த்தார். முன்னால் மேசைகளில் ஆட்கள் பரோட்டா எங்கே என்று சத்தம் போடத் தொடங்கினார்கள். சிலர் எழுந்து போய்விட்டார்கள். முதலாளி உள்ளே வந்தார். கல்லைப் பார்த்தார், எங்கள் நாலு பேரையும் பார்த்தார், பிறகு அப்பாவிடம் கேட்டார்.

"அண்ணாச்சி, ஆனைக்கு எத்தற பிளேட்?"

சமையல்காரர்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. இன்றைக்குக் கூலி கிடையாது, போன வியாபாரத்துக்கு ஈடாக ராத்திரி கடை அடைக்கும்வரை கல்லை விட்டு நகரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். பத்தரை மணிக்குப் பள்ளிக்கு வந்துவிடுவதாகச் செல்விக்கு வாக்குக் கொடுத்திருந்த அப்பா, சரி என்று தலையாட்டினார். தீயை அணைக்கவில்லை. கடைசி எறும்பும் வந்து, உட்புறம் மொறுமொறுவென்று காய்ந்த பிறகுதான் தலையை எடுத்து, ஆறவைத்து, தும்பிக்கையையும் காதுகளையும் மறுபடி தைத்துக் கொடுத்தார்.

மேடையில் செல்வியின் முறை வந்தது. அவளுக்கு முன்னால் பளபளவென்று ஒரு போலீஸ், ஒரு நர்ஸ், ஒரு மயில், எல்லாமே வாடகை. எங்கள் யானையின் நெற்றியில் இரண்டு தங்கப் பொட்டுகள் கருகியிருந்தன, கன்னத்தில் பரோட்டாவுக்கு விழுவதுபோல் செம்புள்ளிகள் விழுந்திருந்தன. நடுவராக இருந்த டீச்சர் மூக்கை உறிஞ்சி, எங்கிருந்து பரோட்டா மணக்கிறது என்று மலையாளத்தில் பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். அரங்கம் முழுவதும் சிரித்தது. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

செல்வி நகரவில்லை. தலையை இரண்டு கையாலும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வேர்த்த முகத்தோடு மைக்கின் அருகில் போனாள்.

"எங்க அப்பா செஞ்சது டீச்சர். எறும்பு வந்துச்சுன்னு கல்லுல போட்டு எடுத்துக் குடுத்தாங்க."

தமிழில்தான் சொன்னாள். பிறகு தலையை மாட்டிக்கொண்டு, தும்பிக்கையை ஆட்டி, மேடையை ஒரு சுற்றுச் சுற்றி வந்துதான் இறங்கினாள். பரிசு மயிலுக்குப் போனது. மறுநாள் காலையில் அப்பா கேட்டது ஒன்றுதான், மேடையில் ஏறினாளா என்று. அதற்குள் செல்வி, வகுப்பில் தன்னிடம் யார் யார் யானையைத் தொட்டுப் பார்க்கக் கேட்டார்கள் என்று பட்டியல் சொல்லத் தொடங்கியிருந்தாள்.

அந்த ஹோட்டல் இப்போது இல்லை, அங்கே செல்போன் கடை நடக்கிறது. அப்பாவுக்குத் தோள் போய்விட்டது, மாவு வீசுவதில்லை. யானைத் தலையை அடுத்த மழைக்காலத்தில் எலி தின்றது. செல்வி நர்சிங் படிக்கிறாள், தமிழ், மலையாளம், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் சண்டை போடுகிறாள். நான் வேலைக்கான தேர்வுகளை எழுதிக்கொண்டே, கரமனையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் சிறு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். அங்கே இந்த மாதக் கடைசியில் "ஹாலோவீன்" என்று ஒரு கொண்டாட்டமாம். ஆளாளுக்குப் பேய் உடுப்பு ஆன்லைனில் வந்து இறங்குகிறது. ஒரே ஒரு சிறுமி மட்டும் தனக்கு வௌவால் தலை வேண்டும், அதுவும் தானே செய்ய வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். சரி என்று சொல்லியிருக்கிறேன். பசையை நானே காய்ச்சப் போகிறேன், சீனி இல்லாமல்.

வீட்டில் செய்தால் என்ன செலவாகும் என்று அவளுடைய அம்மா கேட்டார்கள். அதிகம் ஆகாது என்றேன். மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: எங்கள் யானைக்கு மைதா பன்னிரண்டு ரூபாய், தங்கத் தாள் பத்து, தாடையில் மாட்டும் எலாஸ்டிக் நான்கு, பஸ்ஸுக்குப் பத்து, அப்பாவின் ஒரு நாள் கூலி முந்நூற்றைம்பது. ஆக மொத்தம் முந்நூற்று எண்பத்தாறு ரூபாய்.