முப்பத்திரண்டுக்கு மேல் எண்ணாத பெட்டி

என் கடைக் கொம்பியூட்டரைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு. சிரிக்கட்டும். துறைமுகத்துக்குப் போகிற வீதியில் இருபது வருடமாக அதை வைத்துத்தான் கலியாண அழைப்பிதழும் கல்வெட்டும் அடிக்கிறேன். ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகத்தை எங்கள் பக்கம் கல்வெட்டு என்போம். படம், தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, கடைசியில் வம்சாவளி. சண்டை வருவதெல்லாம் அந்தக் கடைசிப் பக்கத்தால்தான். அதில் பெயர் இல்லாவிட்டால் அந்த வீட்டில் ஆளே இல்லை என்று அர்த்தம்.

போன வருடம் திரியாயிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள். தாய் இறந்து பத்து நாள். அவர்கள் நீட்டிய தாளில் பெயரைப் பார்த்ததும், உங்கள் அம்மாவின் கல்வெட்டு என்னிடம் ஏற்கெனவே இருக்கிறதே என்றேன். மூத்தவரின் முகம் மாறிவிட்டது. உண்மையைத்தான் சொன்னேன். இரண்டு வருடத்துக்கு முன் அந்த அம்மா தனியாக பஸ் ஏறி வந்து, கதிரையை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு இருந்து, தன் கல்வெட்டைத் தானே சொல்லச் சொல்ல நான் தட்டினேன். அதில் பிள்ளைகள் நான்கு பேர். மகன்மார் கொண்டுவந்த தாளில் மூன்று பேர். வீட்டுக்குச் சொல்லாமல் பதிவுக் கலியாணம் செய்துகொண்டு போன நடு மகளைக் காணவில்லை.

அம்மா சொன்னதைத்தான் அடிப்பேன் என்றேன். அப்படியொன்று இருந்தால் காட்டுங்கள் என்றார் மூத்தவர். என் கொம்பியூட்டர்ப் பெட்டியைப் போட்டேன். உள்ளே டிக், டிக் என்று ஒரு சத்தம். திரை கறுத்துப் போய்விட்டது. அந்த மனுசன் சிரித்த சிரிப்பில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு கிழமை பொறுங்கள், அதற்குள் காட்டாவிட்டால் உங்கள் தாளையே அடித்துத் தருகிறேன் என்று வீறாப்பாய்ச் சொல்லிவிட்டேன்.

பிரதி எடுத்து வைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். பிளாப்பிகளில் வைத்திருந்தேன். உப்புக் காற்றில் அவ்வளவும் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அதைப் பார்க்காமல் விட்டது என் பிழைதான்.

டவுனில் கொம்பியூட்டர் திருத்துகிறவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். ஹார்ட் டிஸ்க் சாகப் போகிறது என்றார். பத்துத் தரம் போட்டால் ஒரு தரம் எழும்பும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். நான் பக்கம் அமைக்கிற மென்பொருளும் எழுத்துருவும் வேறு எந்த மிஷினிலும் ஓடாது. சரி, வேறு டிஸ்க் போடுங்கள் என்றேன். இப்போது வருகிற டிஸ்க்குகளின் வாய் வேறு, கொழுவ ஏலாது என்றார். பழைய மாதிரி ஒன்று கிடைத்தாலும், இந்தப் பெட்டி செய்த காலத்தில் முப்பத்திரண்டு ஜிபிக்கு மேல் டிஸ்க் வரும் என்று யாரும் நினைக்கவில்லையாம். அதைவிடப் பெரிதாக ஒன்றைக் கொழுவினால் எண்ணத் தெரியாமல் திகைத்து நிற்குமாம். குப்பையில் போடச் சொன்னார். என் பெட்டியைக் குப்பை என்று சொல்ல இவர் யார்? வந்த ஆத்திரத்தில் நன்றியும் சொல்லாமல் எழும்பி வந்துவிட்டேன்.

குறிஞ்சாக்கேணியில் ஒரு முஸ்லிம் நானா பழைய இரும்பு வாங்கி விற்கிறார். மூடிப்போன அலுவலகங்களின் கொம்பியூட்டர்கள் அவர் வளவில் குவிந்து கிடக்கும். அரை நாள் கிளறி, என் பெட்டிக்குப் பொருந்துகிற வாயுள்ள டிஸ்க் ஒன்றை எடுத்துத் தந்தார். எண்பது ஜிபி. இதைவிடச் சின்னன் இல்லைத் தங்கச்சி என்றார்.

கொழுவிப் போட்டால், டவுனில் திருத்துகிறவர் சொன்னபடியே திகைத்து நின்றது. தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்த்தேன், அதே இடத்தில் நின்றது. மூன்று தரம் போட்டேன். மூன்று தரமும் அப்படியே. அழுகை வந்தது. ஐந்து நாள் போய்விட்டது.

டிஸ்க்கைக் கழற்றித் தூசி துடைத்தபோதுதான் அதன் மேல் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். பின்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற கம்பி முட்களைப் பொடிப் பொடியாகப் படம் போட்டிருந்தார்கள். இந்த இரண்டு முள்ளைச் சேர்த்தால் டிஸ்க் தன்னை முப்பத்திரண்டு என்றே சொல்லும் என்று ஒரு வரி. அட, என் பெட்டியைப் போன்றவற்றை நினைத்தும் யாரோ வேலை செய்திருக்கிறார்கள்! முட்களைச் சேர்க்க ஒரு சின்னக் கறுப்பு மூடி வேண்டும். செத்துப்போன சிடி டிரைவ் ஒன்றின் பின்பக்கத்தில் ஒன்று இருந்தது. புருவ மயிர் பிடுங்குகிற இடுக்கியால் அதை இழுத்தெடுத்து, இங்கே செருகினேன்.

பெட்டி எழும்பியது. நாற்பத்தெட்டு ஜிபி வீணாகப் போகிறது என்று யாராவது சொல்லலாம். போகட்டும். என் இருபது வருட உழைப்பு பத்துக்குள் அடங்கியது. பழைய டிஸ்க்கையும் சேர்த்துக் கொழுவி, அது நிற்க நிற்க எழுப்பி, இரண்டு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றினேன். கல்வெட்டு திறந்தது. நான்கு பிள்ளைகளும் இருந்தார்கள்.

சொன்ன நாளில் வந்தார்கள். மூத்தவர் திரையில் கடைசிப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"இதை எடுத்துவிடுங்கோ அக்கா. ஊரில கதை வரும்."

அவர்களின் தாய் அன்றைக்குச் சொன்னதை நான் அப்படியே சொன்னேன்.

"உயிரோட இருக்கேக்க பிள்ளையளுக்குப் பயந்து வாய் திறக்கேல்லை. செத்தாப் பிறகு ஆர் என்னை என்ன செய்யிறது? அவளின்ர பேரைப் போடுங்கோ."

தம்பி நிலத்தைப் பார்த்தார். மூத்தவர், அப்படியென்றால் புத்தகம் எடுக்க மாட்டோம் என்றார். நீங்கள் எடுக்க வேண்டாம், நானே கொண்டு வருகிறேன் என்றேன்.

முப்பத்தோராம் நாள் புத்தகக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு திரியாய் பஸ்ஸில் போனேன். பந்தல் நிறையச் சனம். ஒரு பெண் மட்டும் படலைக்கு வெளியே ஒழுங்கையில் நின்றாள். முகம் அச்சடித்ததுபோல் தாயின் முகம். செத்தவீட்டன்றும் அவளை அதற்கு மேல் வர விடவில்லையாம், பிறகு கேள்விப்பட்டேன். முதல் புத்தகத்தை அவளிடம் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். கனநேரம் பார்த்தாள்.

"இதை ஆர் போடச் சொன்னது?"

"அம்மா."

அவள் செருப்பைக் கழற்றினாள். புத்தகத்தைப் பிடித்தபடி படலையைத் திறந்து, பந்தலைக் கடந்து நேரே வீட்டு வாசலுக்குப் போனாள். அங்கே மூத்தவர் நின்றார். அவள் விலத்தச் சொல்லவில்லை. அவராகவே விலத்தி வழி விட்டார்.