காகித லோரிக்கு ஆயுத பூஜை

பட்டர்வொர்த் ஆபீசிலிருந்து பெர்ரிப் படகு ஏறி, பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தால் சமையல், துணி, வீட்டுக்காரருக்கு மருந்து. இதற்கு நடுவே உட்கார்ந்து காகிதத்தில் லோரி செய்தேன் என்றால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். எனக்கே அலுப்பாகத்தான் இருந்தது.

அவர் சுங்கை பாக்காப் பக்கத் தோட்டங்களிலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துபோனதும் லோரியை விற்றுவிட்டோம். அதன் பிறகு "தண்ணி", "போதும்" தவிர அவர் வாயில் வேறு பேச்சில்லை. லோரிப் பேச்சை எடுத்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அந்த முகத்தை ஒரு தடவையாவது என் பக்கம் திருப்ப வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கூத்தெல்லாம்.

கெட்டி அட்டையில் வெட்டி ஒட்டினேன். அதே பச்சை நிறம், அதே நம்பர். ஆனால் புத்தம் புதிதாக நின்றால் அது பொம்மைதானே? அதனால் அழுக்காக்கத் தொடங்கினேன். செங்கல் பொடியைப் பசையில் குழைத்துச் சக்கரங்களில் தோட்டத்துச் செம்மண் அப்பினேன். கதவோரத் துருவுக்குக் கோப்பித் தூள், புகைக்குழாய்க்குப் பென்சில் கரி. வெட்டி ஒட்டுவதைவிட இந்த அழுக்குதான் என் உயிரை வாங்கியது. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கமெல்லாம் அதற்கே போனது. காய்ந்ததும் பார்த்தேன், அசல் அவருடைய லோரி.

ஆயுத பூஜை அன்று அதைச் சாமி மேடை முன்னால் ஒரு முக்காலியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால், அவர் சக்கர நாற்காலியை அருகே தள்ளிக்கொண்டு வந்து, இடது கையால் லோரியை ஈரத் துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். துருவும் செம்மண்ணும் துணியில் வந்துவிட்டன. முன்பக்க அட்டை ஊறித் தொங்கியது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஐயோ, பேப்பர்லா அது! கண்ணு தெரியலயா உங்களுக்கு?"

அவர் நிமிரவே இல்லை. "பூஜைக்கு அழுக்கு லோரியவா வைப்ப? கழுவாம நான் என்னிக்காச்சும் வச்சிருக்கேனா?"

குழறலாக வந்தாலும் முழுசாக வந்தது. வருஷா வருஷம் இந்த நாளில் லோரியைத் தேய்த்துக் கழுவி, சந்தனம் பூசி, மாலை போட்ட மனிதர். அது எப்படி எனக்கு மறந்தது என்று தெரியவில்லை.

"எலுமிச்ச எங்க?" என்று கேட்டார்.

வீட்டிலிருந்த எலுமிச்சை சக்கரத்தைவிடப் பெரியது. கோலிக்குண்டு மாதிரி குட்டி எலுமிச்சை, லிமாவ் கஸ்தூரி ஒன்று கிடந்தது, அதை எடுத்துக் கொடுத்தேன். முன்சக்கரத்துக்கு அடியில் வைத்து லோரியைத் தள்ளினார். பழம் அப்படியே இருந்தது, சக்கரம் நசுங்கிவிட்டது.

அவர் கோணிய வாயோடு சிரித்தார். எனக்குக் கோபமும் ஆறவில்லை, அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது. இனி முதலிலிருந்து செய்ய என் உடம்பில் தெம்பில்லை என்று சொல்லிவிட்டேன்.

"டயர்தான போச்சு. கத்திரியக் கொண்டா," என்று இடது கையை நீட்டினார். "நீ அட்டையப் பிடி, நான் வெட்டுறேன்."