என் நம்பரில் விளைந்த நெல்

மாசியில் முகில் கறுத்தால் இன்றைக்கும் எனக்குப் பயம். மழைக்கு நேர்த்தி வைக்கிற மன்னாரில் இருந்துகொண்டு இப்படிச் சொல்வது பாவம்தான். ஆனாலும் நெல் முற்றி அறுவடைக்கு நிற்கிற அருவிவெட்டுக் காலத்து மழை வேறு. அது பட்டவளுக்குத்தான் தெரியும்.

அப்போது நான் மன்னார்த் தீவில், உப்புக்குளத்தில் ஒரு கந்தோரில் கிளாக்கராக வேலை செய்தேன். முதலாளி நெல் வெட்டும் மெசின்களை வாடகைக்கு விடுகிறவர். தெற்கிலிருந்து லொறி லொறியாக மெசின் கொண்டுவந்து இறக்குகிறவர்களோடு போட்டிபோட்டு அவருக்கு மூச்சு வாங்கியது. போதாக்குறைக்கு, எனக்கு முந்தி இருந்த கிளாக்கர் தன் சொந்தபந்தத்தின் வயல்களுக்கே மெசினை முதலில் அனுப்பி, நல்ல வாடிக்கையாளர்களை விரட்டிவிட்டுப் போயிருந்தார். அதனால் முதலாளி கொழும்பில் சொல்லி, செயற்கை நுண்ணறிவில் ஓடுகிற ஒரு மென்பொருளை வாங்கிப் பொருத்தியிருந்தார். பழைய பில்கள், வயல்களின் தூரம், டீசல் செலவு, காலநிலை எல்லாவற்றையும் அதற்குள் கொட்டினால், எந்த மெசின் எந்த வயலுக்கு எப்போது போகவேண்டும் என்று அதுவே சொல்லும். கொட்டுகிற வேலை என்னுடையது. "இனி உன்ரை ஆள், என்ரை ஆள் எண்ட கதை இல்லைத் தங்கச்சி," என்று முதல் நாளே சொல்லிவிட்டார். நல்லதுதானே என்று நானும் நினைத்தேன்.

எங்கள் வீடு நானாட்டான் பக்கம். இந்தியாவில் முகாமிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் ஒரே ஒழுங்கையில், அடுத்தடுத்த வீடுகளில் இருந்தோம். பற்றை வெட்டி, புதைந்துபோன வரம்புகளைத் தேடிப் பிடித்து, அப்பா மாரி மழைக்கு விதைத்த முதல் காலபோகம் அது. முகாமில் அரிசி கொடுக்கிற நாளில், ஒரு வரிசை வீட்டார் எல்லோருடைய அட்டையையும் ஒருவர் வாங்கிக்கொண்டு போய் நிற்பார். வெயிலில் எல்லோரும் ஏன் காயவேண்டும்? அந்தப் பழக்கமும் எங்களோடு கடல் தாண்டி வந்துவிட்டது. மெசினுக்குப் பதிகிறபோது போன் நம்பர் கேட்டால், ஒழுங்கை முழுக்க என் நம்பரையே கொடுத்தது. "கந்தோருக்குள்ளை நீ இருக்கேக்கை எங்களுக்கு என்னத்துக்குப் பிள்ளை வேறை நம்பர்?" என்றார் பக்கத்து வீட்டு மாமி. எனக்கும் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வானொலி சொன்ன காலையில், திரையில் பட்டியல் வந்தது. எங்கள் ஒழுங்கையில் மாமியின் வயல் மட்டும்தான் இருந்தது. மற்றவர்களை உள்ளே போய்த் தேடினேன். ஒரே நம்பரில் இத்தனை வயலா, யாரோ தவறுதலாகத் திரும்பத் திரும்பப் பதிந்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, கடைசியாகப் பதிந்த மாமியை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சப் பேரை எல்லாம் துடைத்துவிட்டிருந்தது, நாசமாய்ப்போன மென்பொருள்.

உடனே ஒழுங்கைக்குப் போன் அடித்து, மகனின் நம்பர், மருமகளின் நம்பர் என்று வீட்டுக்கொன்றாக வாங்கிப் புதிதாகப் பதிந்தேன். இப்போது எல்லோரும் வந்தார்கள், பட்டியலின் அடியில். பக்கத்தில் காரணமும் போட்டிருந்தது: பழைய பதிவு இல்லாத வாடிக்கையாளர். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் திரையை உடைத்திருப்பேன். பழைய பதிவுக்கு நாங்கள் எங்கே போவது? இத்தனை வருடமும் இந்த மண்ணில் இருக்க விட்டிருந்தால் அல்லவா எங்களிடம் பில் இருக்கும்? அப்பாவின் அப்பா விதைத்த வயலில், அதன் கணக்குப்படி நாங்கள் நேற்று வந்தவர்கள்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். வயல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதால், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பெரிய வயலாக, மாமியின் பேரில் பதிந்திருந்த என் நம்பரிலேயே போடச் சொன்னார். பெரிய பரப்பு என்றால் அது முன்னுக்கு எடுக்குமாம். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"உங்கடை அப்பான்ரை வயலை மட்டும் இதுக்குள்ளை சேர்க்காதேங்கோ. அது தன்ரை பாட்டிலை வரட்டும். பிறகு ஆரும் ஒண்டும் சொல்லக்கூடாது."

ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது? ஒழுங்கை தப்பியது. அப்பா தன் பட்டன் போன் நம்பரோடு பட்டியலின் அடியிலேயே கிடந்தார்.

மெசின் போன அன்று, காலை பஸ்ஸில் தீவுக்குக் கடலைத் தாண்டிப் போகிற தாம்போதியைக் கடக்கும்போதே பெருநிலப்பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. கந்தோரில் இருந்துகொண்டு, திரையில் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி எங்கள் ஒழுங்கையின் வயல்களில் மேலும் கீழும் ஊர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தேத்தண்ணி ஆறிப்போனது. மாதாவே, பின்னேரம் வரைக்குமாவது மழையைப் பிடித்து வை என்று வாய் தன்பாட்டில் முணுமுணுத்தது. அப்பா விடியவே வரம்பில் போய்க் குந்தியிருப்பார் என்று தெரியும். எங்கள் வயலை எப்போது வெட்டுவீர்கள் என்று யாரிடமும் கேட்கமாட்டார். கேட்கிற மனிதர் இல்லை அவர்.

மதியம் கழிந்து என் போன் அடித்தது. மெசின் சாரதி. வேலை முடிந்தால் வாடிக்கையாளருக்கு அடித்துச் சொல்வது வழக்கம். வாடிக்கையாளரின் நம்பர் என்னுடையது.

"அக்கா, எல்லாம் முடிஞ்சுது. கரையிலை ஒரு துண்டு நிக்குது. ஒரு ஐயா பேசாமல் இருக்கிறார். அதையும் வெட்டட்டோ?"

முதலாளி எனக்கு நேர் எதிரே கதிரையில் இருந்தார். அடுத்த ஊரில் இன்னொருவரின் வயல் அந்த மெசினுக்காகக் காத்திருப்பதைத் திரை காட்டிக்கொண்டிருந்தது. யன்னலுக்கு வெளியே காற்று மாறிவிட்டது.

"வெட்டுங்கோ," என்றேன்.

பச்சைப் புள்ளி எல்லையைத் தாண்டியதும் சிவப்பானது. கீக் கீக்கென்று சத்தமும் போட்டது. முதலாளி எழுந்து வந்து பார்த்தார்.

"ஆரின்ரை வயல்?"

"அப்பான்ரை."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

பொழுதுபடுகிற நேரம் மழை கொட்டியது. அப்பாவின் நெல் சாக்குகளில் ஏறி விறாந்தைக்கு வந்துவிட்டது. அடுத்த ஊர்க்காரருக்கோ மெசின் பிந்திப் போய்ச் சேர்ந்து, பாதி வெட்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. மிச்சம் சாய்ந்து, தண்ணீருக்குள் கிடந்து முளைத்துப்போனது. அவர் கந்தோருக்கு வந்தார். சண்டை பிடிக்கவில்லை, மெசின் ஏன் பிந்தியது என்று மட்டும் கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். நானே சொன்னேன்.

அந்த மாதத்தோடு என்னை நிற்கச் சொல்லிவிட்டார்கள். முதலாளியில் குறை சொல்லமாட்டேன். வெட்டு முடிந்துவிட்டது, இனிக் கந்தோரில் வேலை இல்லை என்று அப்பாவிடம் சொன்னேன். நம்பினாரோ தெரியாது. புது அரிசிச் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம், கந்தோர் வாசலில் நின்ற அந்த மனிதரின் முகம் வந்து நின்றது. இப்போதும் வரும்.

அடுத்த காலபோகமும் விளைந்து முற்றியது. நான் வீட்டில் இருந்தேன். குளத்துக்கு அந்தப் பக்கம், முகாமிலிருந்து புதிதாக வந்த குடும்பங்கள் அந்த வருடம்தான் முதன்முதலாக விதைத்திருந்தார்கள். ஒரு காலை என் போனுக்குச் செய்தி வந்தது. என்னை நிறுத்திய அதே கந்தோரின் மென்பொருள் அனுப்பியது. போன வருடம் என் நம்பரில் போட்ட பெரிய வயலை அது மறக்கவில்லை. மதிப்புக்குரிய வாடிக்கையாளரே, உங்கள் பழைய பதிவின்படி இம்முறை முதல் மெசின் உங்களுக்கே. சம்மதம் என்றால் ஒன்றை அழுத்தவும்.

பட்டியலின் அடியில் யார் கிடக்கிறார்கள் என்று அதில் போட்டிருக்கவில்லை. போடாமலே எனக்குத் தெரியும், பழைய பதிவு இல்லாதவர்கள். போனைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றேன். அப்பா வேலியோரம் சாக்குகளைத் தட்டிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கிழக்கே முகில் கட்டத் தொடங்கியிருந்தது.

ஒன்றை அழுத்தினேன்.