நாலங்குல டயர்

மாடிப்படியில் நான் தவறி விழுந்து இடுப்பெலும்பில் விரிசல் கண்டபோது, மாம்பலத்தில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த தியாகராய நகரில் நாங்கள் குடியேறி ஆறு மாதம்கூட ஆகவில்லை. சுண்ணாம்பு வாசனை போகாத அறையில் ஐந்து மாதம் படுத்துக் கிடந்தேன். பிறகு கட்டையை ஊன்றி நாலடி நடந்தேன். ஆனாலும் டாக்டர் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: உடம்பு குலுங்கக் கூடாது. ஜட்கா வண்டியை நினைத்தே பார்க்கக் கூடாது.

அப்பா சாந்தோமில் இருந்தார். தந்தி ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு, சமையலுக்கு வரும் ஒரு பெண்மணியின் துணையோடு தனியாகக் காலம் தள்ளினார். நான் விழுவதற்கு முந்தைய வருஷம் பக்கவாதம் வந்து அவருடைய வலது கையும் காலும் சோர்ந்துவிட்டன. அவரால் இங்கே வர முடியாது, என்னால் அங்கே போக முடியாது. நடுவில் இருந்தது மிஞ்சிப்போனால் நாலு மைல்.

வாரம் ஒரு கார்டு போடுவார். இடது கையால் எழுதக் கற்றுக்கொண்டிருந்தார். சிறுபிள்ளை எழுத்துப்போல ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருக்கும். "இன்று கடல் அமைதி. ஞாயிறு பூசைக்குப் போகவில்லை. மணிச் சத்தம் கேட்டது." அவ்வளவுதான் இருக்கும். 'வா' என்று ஒருநாளும் எழுதியதில்லை. எழுதியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது என்று தோன்றும்.

என் கணவர் கல்லூரியில் கணக்கு ஆசிரியர். அதிகம் பேசமாட்டார். ஒரு சனிக்கிழமை, யாரோ வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது விற்ற சின்ன மோட்டார் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். "உங்கப்பாவைப் பாத்துட்டு வரலாம்" என்றார்.

தேனாம்பேட்டை வரைக்கும்தான் போனோம். அந்தக் காரின் டயர்கள் மூன்றரை அங்குல அகலம். காற்றை அடைத்துக் கல் மாதிரி வைத்திருந்தார்கள். சரளை ரோட்டின் ஒவ்வொரு கல்லும் என் இடுப்பில் வந்து இடித்தது. துண்டை வாயில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். வண்டியைத் திருப்பிவிட்டார். மறுநாள் காற்றைப் பாதி இறக்கிவிட்டுத் தனியாக ஓட்டிப் பார்த்தார். தெருமுனையை எட்டுவதற்குள் டியூப் நசுங்கிக் கிழிந்தது.

அதன் பிறகுதான் ராயப்பேட்டை மெக்கானிக் பாய் வந்தார். உருது பேசும் குடும்பம். அவருடைய தகப்பனார் கோச்சு வண்டிக்குச் சக்கரம் கட்டினவராம். வந்தவர் காரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"இத்தெப் போட்டுக்கினு ஊட்டம்மாவ இட்டும் போனீங்களா சார்?" என்றார். "அகலமா போட்டா காத்தக் கம்மியா வுடலாம். காத்துக் கம்மின்னா குலுக்கல் கம்மி."

"எவ்வளவு அகலம் போடலாம்?" என்றார் என் கணவர்.

"அத ரிம்முதான் சொல்லணும்."

சக்கரத்தை மாற்றும் உத்தேசம் எங்களுக்கு இல்லை. கம்பெனி போட்டுக்கொடுத்த சக்கரத்திலேயே எது பொருந்துமோ அதுதான். பாய் தமக்குத் தெரிந்த மவுண்ட் ரோடு கடையில் சொல்லி, நாலங்குலத்தில் ஒரு ஜோடி, நாலரை அங்குலத்தில் ஒரு ஜோடி, ஒருநாள் பார்த்துவிட்டுத் தருவதாக வாங்கிவந்தார்.

முதலில் பின்சக்கரங்களில் நாலங்குலத்தை மாட்டினார்கள். என்னை உட்காரவைத்து அதே சரளைத் தெருவில் ஒரு சுற்று. பாய் கூடவே நடந்து வந்தார். "எங்க வலிக்குது, எப்ப வலிக்குதுன்னு சொல்லிக்கினே வாம்மா" என்றார். சொல்லிக்கொண்டே வந்தேன். பல்லைக் கடிக்க வேண்டிய வலி இல்லை. ஆனால் இருந்தது. பிறகு நாலரை அங்குலத்தை மாட்டினார்கள். அதை எப்படிச் சொல்வது? மெத்தையில் கிடத்தி இழுத்துக்கொண்டு போவதுபோல இருந்தது. விழுந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக, உடம்பை மறந்து வெளியே பார்த்தேன். யார் வீட்டுச் சுவரிலோ பூசணிக்கொடி படர்ந்திருந்தது.

"இதுவே இருக்கட்டும்" என்றேன்.

பாய் அந்த ஜோடியைக் கழற்றி முன்சக்கரங்களில் மாட்டினார். டயரின் பக்கவாட்டில் சாக்கட்டியைத் தீற்றிவிட்டு, ஸ்டியரிங்கை இருபக்கமும் முழுக்கத் திருப்பச் சொன்னார். மட்கார்டுக்கு உள்ளே கையைவிட்டுத் துழாவி எடுத்தார். விரலெல்லாம் வெள்ளை.

"ஒரசுது சார். ரிம்மு ஒல்லி, டயரு தொந்தி. திருப்பத்துல ஒருபக்கமா ஒதுங்கும். ரிம்ம வுட்டு உருவிக்கினா வண்டி குடை சாஞ்சிடும்."

"மெதுவாத்தானே போவோம்" என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது. "திருப்பத்துல நிறுத்தி நிறுத்திப் போறோம். அதையே போட்டுடுங்க."

"இன்னொருவாட்டி வுயுந்தீன்னா என்னாம்மா பண்ணுவே? உன்னிய நல்லா இட்டும் போறதுக்குத்தான் இந்தப் பாடு."

கணவர் பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாலே போடுங்க பாய்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கைக்கெட்டிய சாந்தோமை அரை அங்குலத்துக்காகப் பிடுங்கிக்கொண்டதுபோல அன்று அவர்மேல் கோபம் வந்தது. இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. அந்த இரண்டு நாளை இப்போது நினைத்தால் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்ளலாமா என்றிருக்கிறது.

நாலு சக்கரத்துக்கும் நாலங்குலம் வந்தது. சீட்டில் இலவம்பஞ்சுத் தலையணை இரண்டு போட்டோம். ஞாயிறு காலை கிளம்பினோம். மவுண்ட் ரோட்டைக் கடந்து, லஸ்ஸில் டிராம் தண்டவாளத்தின்மேல் ஆமை மாதிரி ஏறி இறங்கி, கச்சேரி ரோடு வழியாகப் போனோம். ஜட்காக்கள் எங்களை முந்திக்கொண்டு போயின. ஒரு ஜட்காக்காரர் திரும்பிப் பார்த்து, "இன்னா நைனா, மோட்டாருக்குப் புல்லு போடலியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரிப்பது அபூர்வம்.

அப்பா சாய்வு நாற்காலியில் இருந்தார். என்னால் குனிய முடியாது, அவரால் எழ முடியாது. கட்டையை ஊன்றி நின்றபடியே அவர் தலையில் கை வைத்தேன். முடி முழுக்க வெளுத்திருந்தது. "இளைச்சுட்டே" என்றார். பிறகு வாசலில் நின்ற காரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாப்பிள்ளை, அது ரொம்பக் குலுக்குமோ?" என்று கேட்டார்.

கேள்வி எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. கணவருக்கு விளங்கிவிட்டது. "அவ்வளவா குலுக்காது மாமா. வாங்க" என்றார். பக்கத்துவீட்டு மனிதரும் அவரும் சேர்ந்து அப்பாவைத் தூக்கிவந்து பின்சீட்டில் உட்காரவைத்தார்கள். ஒன்றரை வருஷமாக வீட்டைவிட்டு இறங்காதவர். கடற்கரை ரோட்டில் போனோம். அப்பா வண்டியின் திறந்த பக்கமாக முகத்தை நீட்டிக் காற்றை வாங்கிக்கொண்டார். "கடல் அமைதியா இருக்கா அப்பா?" என்று கேட்டேன். "கார்டுல எழுதறேன்" என்றார்.

அதற்குப் பிறகு வந்த ஏழெட்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமை தவறியதில்லை. மாதா கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி உள்ளிருந்தபடியே பூசை கேட்போம். ஒருமுறை அடையாறு பாலம் வரை போய், கழிமுகத்தில் தண்ணீர் கடலைச் சேருவதைப் பார்த்தோம். கல்யாணமான புதிதில் அம்மாவை அங்கே படகில் கூட்டிப்போன கதையை அப்பா சொன்னார். அதுவரை எங்களிடம் சொல்லாத கதை. அம்மா படகில் பயந்து அவர் சட்டையைப் பிடித்துக் கிழித்துவிட்டாளாம்.

ஐப்பசி மழையில் ரோடு சேறானது. மூன்று வாரம் போக முடியவில்லை. நாலாவது வாரம் வெயில் வந்தது. ஆனால் அந்தப் புதன்கிழமையே அப்பா தூக்கத்தில் போய்விட்டார். சமையல்கார அம்மாள் ஒன்று சொன்னார். மழை பெய்த மூன்று ஞாயிறும் அவர் காலையிலேயே சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

இடுப்பு அடுத்த கோடைக்குள் தேறிவிட்டது. பஸ்ஸில் ஏறித் தனியாகவே சாந்தோம் போய்வரலாம் என்றாகிவிட்டது. ஒருதரம் போனேன். அப்பா வீட்டில் வேறு யாரோ குடித்தனம் இருந்தார்கள். எதிர்ப்பக்கம் கொஞ்சநேரம் நின்றேன். அந்த வீட்டுக்காகத்தான் ஐந்து மாதம் படுக்கையில் ஏங்கினேன் என்று நினைத்திருந்தேன். அங்கே நின்றபோது மனம் வீட்டைத் தேடவில்லை. எல்லா வண்டியும் எங்களை முந்திப் போக, அவர் ஓட்ட, நான் பக்கத்தில், அப்பா பின்னால் என்று மூன்று பேரும் ஊர்ந்துகொண்டிருந்த அந்த ரோட்டைத்தான் தேடியது. வெயில் ஏறியதும் பஸ்ஸுக்கு நடந்தேன்.